கஞ்சாவின் விலையும் மனிதனின் விலையும்

2025 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் மாலை, கல்முனைச் சந்தைக்கு அண்மையில் நாம் வழமையாகத் தேநீர் அருந்தும் கடையில் அமர்ந்திருந்தோம். அஸர் தொழுகை முடித்து வந்தவர்கள் சிலர், மருதமுனையிலிருந்து நூல் வாங்க வந்த நெசவாளர் இருவர், கரைவலை இழுத்துக் களைத்து வந்திருந்த மீனவர் மூவர். இவ்வளவே அன்றைய கூட்டம். இளைஞன் ஒருவன் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். முதலில் அவன் படித்தது எமக்கெல்லாம் பழகிப்போன செய்தி. மொனராகலை மாவட்டத்துக் காட்டினுள் சேனை ஒன்றை விசேட அதிரடிப்படையினர் முற்றுகையிட்டனர். கஞ்சாச் செடிகள் பிடுங்கித் தீயிடப்பட்டன. கமக்காரன் ஒருவன் கைதானான். பக்கத்தைப் புரட்டி அவன் படித்த அடுத்த செய்தியோ புதியது. மீரிகமையில் முதலீட்டுச் சபையின் வலயத்தில், 64 ஏக்கர் நிலத்தில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர் எழுவருக்கு அனுமதி வழங்கப்படுகிறது என்பதே அது.

மீனவருள் மூத்தவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"மாஸ்டர், இந்த ரெண்டும் ஒரே செடிதானா, இல்லாட்டி வேற வேற சாதியா?" என்று எம்மை நோக்கிக் கேட்டார்.

கடையிலிருந்தோர் சிரித்தனர். கேட்டவர் வேறொருவராயிருந்தால் நாமும் சிரித்திருப்போம். ஆனால் அவர் யாருடைய வாப்பா என்பதை நாம் அறிவோம். எனவே சிரிக்க இயலவில்லை. விடை கூறவும் இயலவில்லை. அன்று அக்கடையில் கூறாத விடையையே இங்கு எழுத முற்படுகிறோம்.

அவருடைய மகன் எமது மாணவன். கணக்கில் மிகவும் கெட்டிக்காரன். வட்டிக் கணக்கைக் கரும்பலகையில் நாம் எழுதி முடிக்குமுன் விடையைக் கூறிவிடுவான். சாதாரண தரப் பரீட்சையோடு அவனது படிப்பு நின்றது. வாப்பாவோடு வலை இழுத்தான். வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும், தோணி இறங்காது, அடுப்பும் எரியாது. அப்படியொரு மார்கழி மாதத்தில், பொத்துவிலிலிருந்து ஒரு பொதியைப் பஸ்ஸிற் கொண்டுவந்து கொடுத்தால் சில நாட்கூலி ஒருமிக்கத் தருவதாக ஒருவன் கூறினான். இவன் ஒப்புக்கொண்டான். பஸ் வழியில் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டது. கஞ்சாவைப் பயிரிட்டவனும் இவனல்லன், விற்றவனும் இவனல்லன், வாங்கியவனும் இவனல்லன். விலங்கு இவனுடைய கையிலேயே விழுந்தது.

விளக்கமறியலில் அவன் மாதக்கணக்கில் இருந்தான். சட்டத்தரணிக்குக் கொடுப்பதற்காக வாப்பா வலையிலிருந்த தமது பங்கை விற்றார். அவ்வேளையில் ஒரு நாள் அவர் எமது வீட்டிற்கு வந்து, மகனின் நன்னடத்தை பற்றி ஒரு கடிதம் எழுதித் தருமாறு வேண்டினார். "பார்ப்போம்" என்றோம். அந்த ஒரு சொல்லோடு அவரை வாசலிலிருந்தே அனுப்பிவிட்டோம். பாடசாலையின் பெயர் என்னாவது, பள்ளிவாசலில் மரைக்காயர்மார் என்ன நினைப்பர், 'கஞ்சாக்காரனுக்குக் கடிதம் கொடுத்த வாத்தியார்' என்று ஊர் பேசுமே என்றெல்லாம் எமது மனம் கணக்குப் போட்டது. அக்கடிதம் வழக்கின் போக்கை மாற்றியிருக்கும் என்று நாம் கூறவில்லை. ஆயினும் ஒரு மனிதனின் பெறுமதியை நாமும் அன்று மிகக் குறைத்தே மதிப்பிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளாது இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

கஞ்சாவைப் புகழ்வது எமது நோக்கமன்று. மதியை மயக்கும் பொருள் விலக்கப்பட்டது என்னும் ஒழுக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். ஆசிரியத் தொழிலில் இருந்தமையால், வகுப்பறையின் பின்வாங்கில் ஒளி குன்றிய கண்களோடு அமர்ந்திருந்த பிள்ளைகளையும் கண்டிருக்கிறோம். வளரும் பருவத்தினரின் நினைவாற்றலையும் கவனத்தையும் கஞ்சா கெடுக்கும் என்பதும், சிலரிடத்து உளநோயைத் தூண்டும் என்பதும் மருத்துவம் கூறும் உண்மைகள். இவற்றை மறுப்பவருடன் எமக்கு உடன்பாடில்லை. நாம் கேட்பது வேறு. ஒரு பொருளைச் சட்டம் தடுக்கும்போதும் அனுமதிக்கும்போதும் அதன் விலை எவ்வாறு மாறுகிறது? அந்த விலையை யார் பெறுகின்றனர்? யார் செலுத்துகின்றனர்?

எமது இளமைக்காலத்தில் இவ்வூர்களில் கஞ்சா என்பது அச்சுறுத்தும் சொல்லாக இருக்கவில்லை. பரிகாரியாரின் மருந்துப் பெட்டியில் அதற்கும் ஓரிடம் இருந்தது. தூக்கமின்மைக்கும் வயிற்றோட்டத்திற்கும் தீராத நோவுக்கும் அவர் கொடுத்த லேகியங்களில் அது அளவோடு சேர்ந்தது. சிங்கள வைத்தியரின் மதன மோதகத்திலும், யூனானி ஹக்கீம்களின் மஃஜூன்களிலும் அதுவே உண்டு. பரிகாரியார் அதனை எவருக்கும் சும்மா எடுத்துக் கொடுத்ததில்லை. கேட்டால் கையை ஓங்குவார். மருந்துக்கும் மயக்கத்திற்குமிடையே அவரது தராசும் மனச்சாட்சியும் நின்றன.

அக்காலத்திற்கு முன்னரே சட்டம் வந்துவிட்டது. 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாச் செடியை வளர்ப்பதையும் வைத்திருப்பதையும் தடுத்தது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யூனானி, தேசிய வைத்தியம் ஆகியவற்றையும் தன்னுள் அடக்கி, சுதேச மருத்துவத்தை ஒழுங்குபடுத்த வந்தது. அதே 1961 ஆம் ஆண்டில்தான் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் உடன்படிக்கையும் உருவாகிக் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. 1984 இல் எமது சட்டத்திற் செய்யப்பட்ட திருத்தம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது.

இவற்றின் விளைவாகத் தோன்றிய ஒரு விசித்திரத்தை வாசகர் கவனிக்க வேண்டும். மருந்துக்குக் கஞ்சா தேவை. ஆனால் பயிரிடுவது குற்றம். எனவே பொலிஸார் கைப்பற்றி நீதிமன்றத்திற் சான்றுப்பொருளாக வைத்த கஞ்சாவே, வழக்கு முடிந்தபின் ஆயுர்வேத மருந்து உற்பத்திக்கு வழங்கப்படலாயிற்று. சுகாதார அமைச்சராயிருந்த ராஜித சேனாரத்னவே இதனைப் பகிரங்கமாக எடுத்துக் கூறினார். வைத்தியரின் கைக்கு வந்து சேரும்போது அது நான்கைந்து ஆண்டுகள் பழையதாகி வீரியம் இழந்துவிடுகிறது என்பது அவர் கூறிய குறை. ஒரு நாட்டின் மருந்து, குற்றவாளிக் கூண்டின் வழியாகவே மருந்துச் சாலைக்குச் செல்லவேண்டியிருந்தது. சேனைக்காரன் சிறை சென்றால்தான் நோயாளிக்கு லேகியம்!

இனி, தடையின் கீழ் விலை உருவாகும் விதத்தை நோக்குவோம். கஞ்சா அரிய பயிரன்று. காட்டு மண்ணும் மழையும் இருந்தால் களைபோல் வளரும். சோளத்திற்கு இடும் உழைப்பைவிடப் பெரிய உழைப்பு இதற்கு வேண்டியதில்லை. அப்படியாயின் ஒரு சிறு பொட்டலம் கூலிக்காரனின் கூலியை விழுங்குவது எவ்வாறு? அந்த விலையிற் பெரும்பகுதி செடிக்குரியதன்று, அச்சத்திற்குரியது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில், அக்கரைப்பற்று வழியாக எமது ஊரை ஊடறுத்து மட்டக்களப்புச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையில் ஒவ்வொரு சோதனைச் சாவடியும் விலையிற் சிறிது ஏற்றுகிறது. பாக்கு நீரிணையைப் படகிற் கடந்து யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இறங்குவது 'கேரள கஞ்சா' என்ற பெயர் பெற்றிருக்கிறது. அதில் அலைக்கும் கடற்படைக்கும் சேர்த்து விலை.

சரி, அச்சத்திற்குரிய அந்த விலை அஞ்சுபவனுக்குக் கிடைக்கிறதா? இல்லை. சேனைக்காரனுக்குக் கிடைப்பது சோளத்தைவிடச் சற்று மேல். பொதி சுமந்தவனுக்குக் கிடைப்பது சில நாட்கூலி. இவ்விருவரே பிடிபடுபவர்கள். முதல் போட்டவன் வீட்டில் இருக்கிறான். அவனுடைய பெயர் எந்த முதல் தகவல் அறிக்கையிலும் இல்லை. ஒரு பொதி பிடிபட்டால் சந்தையிற் சரக்குக் குறைகிறது, விலை ஏறுகிறது, மீதிப் பொதிகளை வைத்திருப்பவனுக்கு இலாபம் கூடுகிறது. சட்டம் தன்னை அறியாமலே பெருவியாபாரியின் விலைக்குக் காவல் நிற்கிறது.

வாங்குபவனின் நிலை என்ன? அவனுக்கு இருப்பது ஒரேயொரு வழி, முகம் தெரியாத ஒரு கை. அந்தக் கை எடை சொல்வதில்லை, கலப்படம் பற்றிக் கூறுவதில்லை, வயது கேட்பதில்லை. பாடசாலை வாயிலருகே 'மாவா' விற்கும் கையும் அதுவே. கஞ்சா பருமனானது, மணம் வீசுவது, ஒளிப்பதற்குக் கடினமானது. சட்டைப் பையில் அடங்கும் 'ஐஸ்' இவ்வெல்லாக் கஷ்டங்களிலிருந்தும் வியாபாரியை விடுவிக்கிறது. தண்டனை கடுமையாகும்போது வியாபாரம் ஒழிவதில்லை. சிறியதாகவும் கொடியதாகவும் உருமாறுகிறது. கிழக்குக் கரையிலுள்ள எத்தனை தாய்மார் இன்று அந்தச் சிறு பொடியின் பெயரைக் கேட்டு நடுங்குகின்றனர் என்பதை அறிந்தோர் இதனை மறுக்கமாட்டார்.

அப்படியாயின் தடையை நீக்கிவிட்டால் எல்லாம் சீராகிவிடுமா? இக்கேள்விக்கு உலகம் பலவகையான விடைகளைத் தந்திருக்கிறது. ஆசிரியரும் மாணவரும் அவற்றை நிதானமாகக் கற்பது நன்று.

முதலில் அண்டை நாட்டின் பழங்கதை ஒன்று. 1893 இல் பிரித்தானிய அரசு இந்தியாவில் ஒரு கஞ்சா ஆணைக்குழுவை அமைத்தது. 1193 சாட்சிகளை விசாரித்து, 1894 இல் ஆணைக்குழு தன் அறிக்கையை முடித்தது. மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கில்லை, மிகைப் பயன்பாடு தீங்கானது, முற்றான தடை வேண்டியதில்லை, பயிர்நிலத்தை வரையறுத்தும் கடைகளைக் குறைத்தும் வரி விதித்தும் கட்டுப்படுத்துக என்பதே அதன் முடிபு. குடிமகனின் நலத்தோடு திறைசேரியின் நலமும் அம்முடிபிற் கலந்திருந்தது என்பதை மறக்கலாகாது. சாராயக் குத்தகையை ஏலம் போட்டு இலங்கையில் வருமானம் திரட்டிய அதே ஆட்சிதானே அது! 1904 இலும் 1912 இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கங்கள், குடியால் வாழும் அரசை எதிர்த்து எழுந்தவை. இந்தியாவிலோ 1985 ஆம் ஆண்டின் சட்டம் கஞ்சாவின் பூவையும் பிசினையும் தடைசெய்து, இலையை மாத்திரம் வரைவிலக்கணத்திற்கு வெளியே விட்டது. ஆகவே வட இந்திய நகரங்கள் சிலவற்றில் அனுமதி பெற்ற பாங் கடைகள் இன்றும் இயங்குகின்றன. ஒரே செடியின் இலை கடையில், பூ சிறையில்!

தென்னமெரிக்காவின் சிறிய நாடான உருகுவே 2013 டிசெம்பரில் சட்டம் இயற்றி, உலகில் முதன்முதலாக நாடு முழுவதற்கும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. அங்கு வாங்குபவனுக்கு மூன்று வழிகள். வீட்டில் ஆறு செடி வளர்க்கலாம். அல்லது 15 முதல் 45 பேர் வரை கொண்ட சங்கத்திற் சேரலாம். அல்லது மருந்துக்கடையில் மாதம் 40 கிராமுக்கு மேற்படாது வாங்கலாம். மூன்றில் ஒன்றை மாத்திரமே தெரிந்து பெயரைப் பதிவு செய்யவேண்டும். விளம்பரம் கூடாது. விலையை அரசே நிர்ணயித்தது. 2017 ஜூலையில் மருந்துக்கடை விற்பனை தொடங்கியபோது ஒரு கிராமின் விலை ஏறத்தாழ 1.30 அமெரிக்க டொலர். கள்ளச் சந்தையின் விலையோடு போட்டியிடுவதே நோக்கம். ஆயினும் அமெரிக்கச் சட்டத்திற்கு அஞ்சிய வங்கிகள் அம்மருந்துக்கடைகளின் கணக்குகளை மூட முற்பட்டன. சில கடைகள் பின்வாங்கின. சிறிய நாடொன்று தன் மக்களுக்காகச் செய்யும் சட்டத்தின் மீது பெருநாட்டின் பணம் எவ்வாறு கைவைக்கிறது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

கனடா 2018 ஒக்டோபர் 17 முதல் விற்பனையை அனுமதித்தது. கியூபெக் மாகாணத்தில் அரச கடை. அல்பேர்ட்டாவில் தனியார் கடை. தொடக்கத்தில் கடை விலை மிகை. 2019 இன் இறுதியில் சட்டபூர்வமான ஒரு கிராம் 10 டொலருக்குச் சற்று மேலாகவும், கள்ளச் சந்தையில் 6 டொலருக்குச் சற்றுக் குறைவாகவும் இருந்ததாக அந்நாட்டுப் புள்ளிவிபரத் திணைக்களம் மதிப்பிட்டது. விலை மிகையாயிருந்தவரை பலர் பழைய வழியிலேயே வாங்கினர். பின்னர் உற்பத்தி பெருகி விலை சரிந்தபோதுதான் பெரும்பாலோர் கடைக்கு வந்தனர். ஆனால் விலை சரிந்தமையால் சிறு உற்பத்தியாளர் நொடித்தனர். ஒரு கிராமுக்கு ஒரு டொலர், அல்லது விலையின் பத்து வீதம், எது கூடுதலோ அதுவே உற்பத்தி வரி என விதித்திருந்தனர். விலை 10 டொலராயிருந்தபோது சுமக்கக்கூடியதாயிருந்த அந்த ஒரு டொலர், விலை சரிந்தபின் கழுத்தை நெரித்தது. வயது வந்தோரிடையே பயன்பாடு ஓரளவு கூடியது. இனிப்புப் பண்டங்களில் கலந்த கஞ்சாவை அறியாது தின்ற குழந்தைகள் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டதும் அதிகரித்தது. இவையும் உண்மைகளே.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரியிற் கடைகள் திறந்தபோது ஓர் இறாத்தலின் மொத்த விலை 2000 டொலரை அண்மித்திருந்தது. 2023 இல் அது 700 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. எமது கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அறுவடை மாதத்தில் சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் களத்து மேட்டில் நெல் மலையாய்க் குவிந்திருக்கும்போது என்ன நடக்கிறது? வட்டை முழுவதும் ஒரே வாரத்தில் விளைகிறது, விலை விழுகிறது, களஞ்சியம் வைத்திருப்பவன் வாங்குகிறான், களஞ்சியமில்லாதவன் விற்கிறான். 1971 இல் நிறுவப்பட்ட நெல் சந்தைப்படுத்தும் சபை உரிய வேளையில் கொள்வனவு செய்யாத ஆண்டுகளில் கமக்காரன் பட்ட பாட்டை எமது ஊர்கள் அறியும். தடை நீங்கிய கஞ்சாவும் சந்தையின் அதே விதிக்கே உட்படுகிறது.

தாய்லாந்தின் கதை எமக்கு இன்னும் அண்மையானது. 2022 ஜூன் 9 இல் அந்நாடு கஞ்சாவைப் போதைப்பொருட் பட்டியலிலிருந்து நீக்கியது. மக்களுக்குப் பத்து இலட்சம் கன்றுகளை வழங்குவதாக அரசு அறிவித்தது. ஆனால் எவர் விற்கலாம், எவருக்கு விற்கலாம் என்பவற்றை வரையறுக்கும் முழுமையான சட்டம் வருமுன்பே பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் முளைத்துவிட்டன. உல்லாசப் பயணிகளுக்காகத் தெருவெங்கும் பச்சை விளக்குகள். 2025 ஜூன் மாதத்தில் அரசு பின்வாங்கி, மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்றது. கன்றை நட்ட ஏழையும் கடை வைத்த சிறுவியாபாரியும் நடுவழியில் நின்றனர். ஜேர்மனியோ 2024 ஏப்ரல் முதல், கடையே வேண்டாம் என்று தீர்மானித்தது. வீட்டில் மூன்று செடி, அல்லது இலாப நோக்கற்ற சங்கம். இவ்வளவே அங்கு அனுமதி.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? 'தடை', 'அனுமதி' என்ற இரு சொற்களுக்கிடையில் மட்டும் தெரிவு இல்லை. விலையை யார் வைப்பது, யார் பயிரிடுவது, விளம்பரம் உண்டா, வருமானம் எங்கே செல்கிறது, பழைய வழக்குகள் என்னாவது என்னும் கேள்விகளே சட்டத்தின் உயிர். இவற்றைக் கேளாது 'வேண்டும்' என்பவனும் 'வேண்டாம்' என்பவனும், தம்மை அறியாமலே பணம் படைத்தவனுக்கு வழிவிடுகின்றனர்.

இந்த உரைகல்லில் மீரிகமையை உரசிப் பார்ப்போம். 2022 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்த அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, ஏற்றுமதிக்கான கஞ்சாப் பயிர்ச்செய்கை பற்றி ஆராய நிபுணர் குழு அமைக்கப்படும் என்றார். நாடு டொலருக்காக வரிசையில் நின்ற ஆண்டு அது. ஆட்சி மாறியது, திட்டம் மாறவில்லை. மில்லியன் கணக்கான டொலர் முதலிட வல்லவனே இதற்குள் நுழையலாம். விளைவது அத்தனையும் ஏற்றுமதிக்கே. நாட்டினுள் வைத்திருத்தலும் வளர்த்தலும் விற்றலும் முன்போலவே குற்றம். ஆகவே செடிக்கு விடுதலை கிடைத்தது, சேனைக்காரனுக்குக் கிடைக்கவில்லை. 2020 டிசெம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு 27 வாக்குகளுக்கு 25 என்ற கணக்கில் கஞ்சாவைக் கடுமையான அப்பட்டியலிலிருந்து நீக்கியபோது, மருத்துவப் பயன் ஏற்றுக்கொள்ளப்பட்டதென்று மகிழ்ந்தோம். அந்த மருத்துவப் பயனும் எமது பரிகாரியாரின் மருந்துப் பெட்டிக்கு வரவில்லை. அது கப்பலேறுகிறது.

இலங்கையின் வரலாற்றை அறிந்தவருக்கு இது புதிய கதையன்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் சேனை நிலங்களை அரசின் உடைமையாக்கியது. சேனை செய்த கிராமத்தான் அத்துமீறியவன் ஆனான். அதே மலையிற் கோப்பி நட்ட துரை தொழில்முனைவோன் ஆனான். பயிர் மாறியிருக்கிறது. கோப்பி, தேயிலை, றப்பர் என்ற வரிசையிற் கஞ்சாவும் சேர்கிறது. சியம்பலாண்டுவவில் அது குற்றம். மீரிகமையில் அது முதலீடு. வேறுபாடு செடியில் இல்லை, வேலியிலும் வேலிக்குள்ளே போட்ட பணத்திலுமே உள்ளது. "ஒரே செடிதானா?" என்று அம்மீனவர் கேட்டதற்கு எமது விடை இதுவே. ஆம், ஒரே செடிதான். மனிதர்தாம் வேறு வேறு சாதிகளாக்கப்பட்டிருக்கின்றனர்.

'ஏற்றுமதியால் டொலர் வருகிறதே, அதிலென்ன தவறு?' என்று சில நண்பர் கேட்கின்றனர். டொலர் வரட்டும். ஆனால் மருந்துக்காகக் கஞ்சா பயிரிடலாம் என அரசு ஏற்றுக்கொண்டுவிட்டால், முதல் உரிமை இதுவரை அதற்காகச் சிறை சென்றவர்களின் கிராமங்களுக்கே உரியது. கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாக, அளந்து கொடுத்த நிலத்தில், அரசின் கண்காணிப்பில் அவர்கள் பயிரிடலாம். உத்தரவாத விலைக்கு அரசே வாங்கி, 1969 இல் நிறுவப்பட்ட ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்திற்குப் புதிய மூலிகையாக வழங்கலாம். மீதி ஏற்றுமதியாகட்டும். 64 ஏக்கருக்கு வேலி போட முடிந்த அரசுக்குச் சில கிராமங்களுக்கு வேலி போடுவதா கடினம்?

'உங்கள் பேச்சு இளைஞரைக் கெடுக்காதா?' என்று கேட்கும் நண்பரும் உண்டு. அவரது அச்சத்தை நாம் மதிக்கிறோம். அது எமது அச்சமுமாகும். அதனாலேயே தெருவிற் கடை திறக்குமாறு நாம் கேட்கவில்லை. எமது ஊர்களின் நிலையில் அது வேண்டியதுமில்லை, மக்கள் விரும்புவதுமில்லை. தாய்லாந்தின் பச்சை விளக்குகள் அறுகம்பைக் கரையில் எரிவதைக் காண நாம் ஆசைப்படவில்லை. நாம் வேண்டுவது எளியது. சிறிதளவு வைத்திருந்த இளைஞனை நீதிமன்றத்திற்கன்று, வைத்தியரிடம் அனுப்புங்கள். விட்டொழிக்க விரும்புபவனுக்கு எமது வைத்தியசாலைகளில் மறைவாகவும் மானத்தோடும் உதவி கிடைக்கட்டும். பொதி சுமந்தவனைவிட முதல் போட்டவனைத் தேடுங்கள். ஒரு முறை தவறியவனின் பதிவை, சில ஆண்டு நன்னடத்தைக்குப் பின் அழித்துவிடுங்கள். இப்பயிரிலிருந்து அரசுக்கு வரும் பணத்தில் ஒரு பங்கேனும் இதற்கெல்லாம் செல்லட்டும்.

கடைசியாகக் கூறிய அந்தப் பதிவு எத்தகையது என்பதை விளக்க, மீண்டும் எமது மாணவனிடம் வரவேண்டியிருக்கிறது. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் செலுத்தி வெளிவந்தான். இன்று பிறருடைய வலையை நாட்கூலிக்கு இழுக்கிறான். கணக்கு அவனை விட்டு நீங்கவில்லை. கரையில் மீன் ஏலம் போகும்போது பங்குகளைப் பிரித்துக் கூறுபவன் அவனே. எமது ஊர்களில் கடலும் வயலும் கைவிட்டவனுக்கு மூன்றாவது வழி வளைகுடா நாடு. கத்தாரில் ஒரு களஞ்சியத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவன் விண்ணப்பிக்க எண்ணினான். அதற்குப் பொலிஸ் அறிக்கை வேண்டும். அவ்வறிக்கையில் பழைய வழக்கு நிற்கும். கனடா தன் சட்டத்தை மாற்றியபோது பழைய தண்டனைப் பதிவுகளை நீக்கக் கட்டணமற்ற வழி ஒன்றையும் அமைத்தது. படிவங்களின் சிக்கலால் அதனாற் பயன்பெற்றோர் மிகச் சிலரே. எமது நாட்டிலோ கஞ்சா ஏற்றுமதிப் பண்டமாகிவிட்ட பின்பும், பொதி சுமந்தவனுக்கு அப்படியொரு வழி பற்றிய பேச்சே எழவில்லை.

அன்று தேநீர்க் கடையிலிருந்து எழுந்தபோது முதியவர் எம்முடன் சிறிது தூரம் நடந்து வந்தார். மஃரிப் பாங்கு ஒலித்தது. கடற்கரைப் பள்ளிக்குத் திரும்பும் சந்தியில் நின்று, "மாஸ்டர், அந்தக் கத்தார் வேலைக்கு ஒரு கடிதம் வேணுமாம். அவனுக்கு உங்கள்ளட்டக் கேக்க வெட்கமா இருக்கு" என்றார்.

வெட்கப்படவேண்டியவன் அவனல்லன் என்று கூற நினைத்தோம், நா எழவில்லை. "காலையில் அனுப்புங்க காக்கா, எழுதி வைக்கிறேன்" என்றோம். அன்றிரவே எழுதினோம். அவனது கணக்குத் திறமையையும், நேர்மையையும், தந்தையைப் பேணும் குணத்தையும் ஒன்றும் மிகைப்படுத்தாது எழுதிக் கையொப்பமிட்டோம். மறுநாட் காலை சுபஹ் தொழுகை முடிந்து நாம் வீடு திரும்பியபோது, அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கடிதத்தை இரு கைகளாலும் வாங்கினான். படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"பொலிஸ் ரிப்போட்டும் இதுவும் சேர்ந்துதான் போகும் சேர்" என்றான்.

பின்னர் வலை இழுக்கும் நேரமாகிவிட்டதெனக் கூறிக் கரையை நோக்கி நடந்தான்.